ரோட்டரி சங்கத்திடம் உதவி கேட்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் எல்லையில் பல்சக்கரம் போட்ட வரவேற்புப் பலகை, பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை, அரசுப் பள்ளியில் ஒரு குடிநீர்த் தொட்டி. ரோட்டரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இவ்வளவுதான். நான் ஒரு சிறு நகரச் சங்கத்தில் உறுப்பினர், கணக்கு வழக்கும் பார்த்திருக்கிறேன். தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள், ஆசிரியர்கள், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் திணறும் பெற்றோர் என்று பலரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். இது எந்தச் சங்கத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பும் இல்லை. ஊருக்கு ஊர் நடைமுறை கொஞ்சம் மாறும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ரோட்டரி என்பது அரசு அமைப்பா? இல்லை, பணக்காரர்கள் கூடிச் சாப்பிடும் கிளப்பா?

அரசு அமைப்பு இல்லை, மதம் கட்சி சார்ந்ததும் இல்லை. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது. கூட்டத்தை ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழற்சியாக நடத்தியதால் வந்த பெயர்தான் ரோட்டரி. தொடக்கத்தில் அது வியாபாரிகளும் தொழில்முறை ஆட்களும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும் இடம்தான், சேவை கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அவர்கள் முதலில் கையில் எடுத்த பொதுக்காரியங்களில் ஒன்று சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை கட்டவைத்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்த தகவல், ஏனென்றால் இன்றைக்கும் நம் பள்ளிகளில் முதலில் கேட்கப்படுவது அதுதான். சென்னையில் சங்கம் வந்தது 1929-ல்.

சாப்பாடு உண்டா என்றால், உண்டு. கூட்டத்துக்குப் பின் இட்லி, பொங்கல் எல்லாம் நடக்கும், ஆனால் அது உறுப்பினர் சந்தாவில் நடப்பது, நன்கொடையில் இல்லை. அப்படி இல்லாத சங்கத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சங்கத்தின் வருடம் எப்போது தொடங்குகிறது? அது எனக்கு எதற்கு?

ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. உதவி கேட்டு வருபவர்களுக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை.

காரணம், ஜூலை 1-ல் தலைவர், செயலாளர், மாவட்ட ஆளுநர் எல்லோரும் ஒரே நாளில் மாறிவிடுவார்கள். (மாவட்டம் என்றால் வருவாய் மாவட்டம் அல்ல, பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம். ஆளுநர் என்றதும் மாநில ஆளுநரை நினைக்க வேண்டாம்.) வருகிற ஒவ்வொரு தலைவருக்கும் தன் பெயர் சொல்ல ஒரு காரியம் செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கும், அது தப்பில்லை. ஆனால் போன வருடத் தலைவர் தொடங்கிய மாலை நேரப் படிப்பு மையம் இந்த வருடத் தலைவருக்கு "அவருடைய புராஜெக்ட்" ஆகிவிடுகிறது. அங்கே படிக்க வந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஜூலை என்றால் என்ன, ஜூன் என்றால் என்ன?

என் பார்வையில் ஒரு சங்கம் நல்ல சங்கமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: "மூன்று தலைவர்கள் மாறிய பிறகும் நடந்துகொண்டிருக்கிற வேலை உங்களிடம் எது?" சட்டென்று பதில் வந்தால் அது நல்ல சங்கம். ஆல்பத்தைத் தேடப் போனால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் எங்கள் அமைப்பு எப்போது வந்து கேட்க வேண்டும்?

பெரும்பாலானோர் வருவது ஜூலை, ஆகஸ்டில், பதவியேற்பு விழா பேனரைப் பார்த்துவிட்டு. அது தாமதம், ஏனென்றால் அதற்குள் பட்ஜெட் ஏறத்தாழ முடிவாகியிருக்கும். அடுத்த தலைவர் யார் என்பது டிசம்பருக்குள் தேர்தலில் முடிவாகிவிடும், பல இடங்களில் அதற்கு முன்பே தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் அவர் பயிற்சிக்குப் போவார், என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போது போய்ப் பாருங்கள். நடப்புத் தலைவரை விட்டுவிட்டு வருகிறவரைப் பார்ப்பதா என்று தயங்க வேண்டாம், செயலாளரிடம் சொல்லிவிட்டுப் பார்த்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மே, ஜூனில் ஒதுக்கிய பணம் செலவாகாமல் மிச்சம் இருக்கும் சங்கங்கள் இருக்கின்றன. சிறிய, உடனே முடிகிற தேவை என்றால் (பழுதான ஆர்ஓ இயந்திரம், சக்கர நாற்காலி இரண்டு) அப்போது கேட்டால் ஒரே வாரத்தில் நடந்துவிடுவதும் உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது?

நான்கு வழிகள். உறுப்பினர் சந்தா, இது பெரும்பாலும் சங்கத்தை நடத்தவே சரியாகப் போய்விடும். அப்புறம் உறுப்பினர்கள் சொந்தக் கைப்பணத்தைப் போடுவது: ஒரு கண் முகாமுக்குச் சாப்பாடு ஒருவர், நோட்டீஸ் இன்னொருவர், வேன் வாடகை மூன்றாமவர் என்று. சிறு ஊர்களில் முக்கால்வாசி வேலை இப்படித்தான் நடக்கிறது, கணக்குப் புத்தகத்தில்கூட முழுசாக ஏறாது. மூன்றாவது, ஊரில் வசூலிக்கும் நன்கொடையும் நிறுவனங்கள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமும். நான்காவது ரோட்டரி ஃபவுண்டேஷன், அதாவது ரோட்டரியின் உலக அறக்கட்டளை.

இந்த ஃபவுண்டேஷன் 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்பவர் யோசனையில் பிறந்தது. அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள ரோட்டேரியன்கள் அதன் ஆண்டு நிதிக்குப் பணம் போடுகிறார்கள். போட்ட பணம் மூன்று வருடம் முதலீட்டில் இருக்கும், அதிலிருந்து வரும் வருமானத்தில் நிர்வாகச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள், பிறகு கிட்டத்தட்டப் பாதிப் பணம் அந்தந்த ரோட்டரி மாவட்டத்தின் பயன்பாட்டுக்குத் திரும்பி வரும், மீதி உலக நிதிக்குப் போகும். அதாவது உங்கள் ஊருக்கு இந்த வருடம் வரும் மானியம் மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ கொடுத்தது. இன்று கொடுக்காத மாவட்டம் மூன்று வருடம் கழித்துக் கையைப் பிசையும்.

மாவட்ட மானியம், குளோபல் கிராண்ட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

மாவட்ட மானியம் சிறியது, ஒரு வருடத்துக்குள் முடிகிற உள்ளூர் வேலைக்கு. பள்ளிக்கு மேசை நாற்காலி, அங்கன்வாடிக்கு எடைக் கருவி, மாணவர்களுக்கு உதவித்தொகை என்று பல வகையில் செலவிடலாம்.

குளோபல் கிராண்ட் வேறு அளவு. திட்டத்தின் மொத்த மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், இரண்டு நாட்டுச் சங்கங்கள் கைகோக்க வேண்டும், வேலை ரோட்டரி வகுத்திருக்கும் ஏழு துறைகளில் ஒன்றில் அடங்க வேண்டும். அமைதி, நோய்த் தடுப்பு, தண்ணீரும் சுகாதாரமும், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, சமூகப் பொருளாதார மேம்பாடு, 2021 ஜூலையில் சேர்ந்த சுற்றுச்சூழல் என்று ஏழு. டயாலிசிஸ் இயந்திரம், பச்சிளங்குழந்தைகளுக்கான இன்குபேட்டர் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. முதலில் அந்த ஊருக்கு இது உண்மையிலேயே தேவையா என்று மக்களிடம் கேட்டு எழுதிய தேவை மதிப்பீடு வேண்டும். சங்கத்திலிருந்து ஆட்கள் மானிய மேலாண்மைப் பயிற்சிக்குப் போய், மாவட்டத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டுப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், சில நேரம் தலைவரே மாறிவிடுவார். அவசரத் தேவைக்கு இந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

எல்லோரும் பொருளாகவே தருகிறீர்கள். எங்களுக்கு வேண்டியது சிறப்பாசிரியருக்குச் சம்பளமும் கட்டட வாடகையும். அதற்கு ஏன் தருவதில்லை?

நியாயமான கோபம். அறிவுசார் குறைபாடுள்ள இருபது பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்தும் ஒரு சிறு அமைப்புக்கு வருடம் மூன்று சங்கங்கள் வந்து ஆளுக்கொரு சக்கர நாற்காலி கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? நாற்காலிகள் வராந்தாவில் வரிசையாக நிற்கும், பிசியோதெரபிஸ்ட் சம்பளம் போதாமல் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

காரணம் இரண்டு. ஃபவுண்டேஷன் மானிய விதிகளிலேயே வேறொரு அமைப்பின் நிர்வாகச் செலவுக்குக் கொடுக்கக்கூடாது, என்ன செலவு என்று வரையறுக்காமல் ரொக்கம் கொடுக்கக்கூடாது, ஒரே பயனாளிக்குத் தொடர்ந்து அளவுக்கு மீறிக் கொடுக்கக்கூடாது என்று இருக்கிறது. ஒருவரே சங்கத்தைச் சார்ந்து நின்றுவிடக்கூடாது என்ற எண்ணத்தில் வைத்த விதி, புரிகிறது. ஆனால் நடைமுறையில் அது பொருள் கொடுப்பதை நோக்கியே எல்லோரையும் தள்ளுகிறது.

இரண்டாவது காரணம் விதி அல்ல, பழக்கம். தையல் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று போட்டோ எடுக்கலாம், வாடகை ரசீதுக்குப் பின்னால் நிற்க முடியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மானியப் பணத்துக்குத்தான் மேலே சொன்ன விதிகள். உறுப்பினர்கள் சொந்தமாகக் கொடுக்கும் பணத்துக்கும் சங்கம் உள்ளூரில் தனியாக நடத்தும் டிரஸ்டின் பணத்துக்கும் அவை கிடையாது. அதனால் "எங்கள் பிசியோதெரபிஸ்ட் சம்பளத்தில் மாதம் இவ்வளவு குறைகிறது, ஐந்து உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்ள முடியுமா, மூன்று வருடத்துக்கு?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக "நிதியுதவி தேவை" என்று கடிதம் கொடுத்தால் கோப்பில் தூங்கும். தொகையும் காலமும் ஆள் எண்ணிக்கையும் சொல்லிக் கேட்டால் கூட்டத்திலேயே இரண்டு பேர் கை தூக்கிவிடுவார்கள், அப்புறம் மூன்றாமவருக்குக் கூச்சம் வந்துவிடும்.

என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும்?

பதிவுச் சான்று (டிரஸ்ட் பத்திரமோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியான சான்றோ), அமைப்பின் பான் அட்டை, 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு) பதிவு இருந்தால் அதன் நகல், கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஒரு கடிதம். பதினாறு பக்க வண்ணப் புத்தகம் அடித்துக் கொண்டுவருகிறார்கள், அந்தச் செலவை மிச்சப்படுத்துங்கள்.

80ஜி இல்லையென்றால் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பணமாகக் கொடுக்காமல் சங்கமே பொருளை வாங்கி, பில்லைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு உங்களிடம் ஒப்படைக்கலாம். இப்போது டிரஸ்டுகள் இதைத்தான் அதிகம் விரும்புகின்றன, அதற்கும் காரணம் வரிச்சட்டம்தான். ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு நன்கொடை கொடுத்தால் 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதில் 85 சதவீதத்தைத்தான் அறப்பணிச் செலவாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் உங்களுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் எங்கள் கணக்கில் 85,000 மட்டுமே செலவு. அதே ஒரு லட்சத்துக்கு நாங்களே நேரடியாக வாங்கினால் முழுத் தொகையும் செலவு. ஆடிட்டர் எதைச் சொல்வார் என்று தெரியும்தானே.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் உங்கள் வழியாக எங்களுக்குப் பணம் அனுப்பலாமா?

முடியாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தப்படி, அந்தப் பணத்தைப் பெற்றவர் இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கக்கூடாது. பெறுவதற்கே உள்துறை அமைச்சகப் பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். இந்தப் பதிவு இல்லாத உள்ளூர்ச் சங்கத்திடம் "உங்கள் கணக்கில் போடச் சொல்கிறேன், எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், நல்லெண்ணத்தில் கேட்டாலும் மாட்டிக்கொள்வது இரண்டு தரப்பும்தான்.

கண் சிகிச்சை முகாமை நடத்துவது மருத்துவமனையா, நீங்களா?

இருவரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை (1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியது) இந்த முறையை நன்றாகவே செதுக்கி வைத்திருக்கிறது. மருத்துவர், செவிலியர், கருவிகள், இலவச அறுவை சிகிச்சை அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், கூட்டம் சேர்ப்பது, தண்ணீர், நிழல், தன்னார்வலர்கள் உள்ளூரில் பொறுப்பேற்கும் அமைப்பின் வேலை. அது ரோட்டரியாக இருக்கலாம், லயன்ஸாக இருக்கலாம், கோயில் கமிட்டியாகவும் இருக்கலாம்.

முகாமின் வெற்றி தோல்வி முந்தின வாரமே முடிவாகிவிடும். ஆட்டோவில் மைக் கட்டி டவுனைச் சுற்றிவந்தால் டவுன்காரர்கள்தான் வருவார்கள், அவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாற்றினால் போதும். புரை முற்றிய பாட்டி பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு மைக் கேட்காது, கேட்டாலும் தனியாகப் பஸ் ஏற முடியாது. அங்கே நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் பால் சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் போய்ச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் பள்ளி வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி, பார்வைப் பரிசோதனை அட்டையை மாட்டி, வரிசையில் பெயர் எழுதி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஆள் கழன்றுகொள்வது நடக்கும். "வீட்ல ஆடு இருக்கு, யாரு பாப்பா?" என்று ஒரு அம்மா இறங்கிவிடுவார். அந்த ஆட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லி வைப்பது யார் வேலை என்று கேட்டால், சங்கத்தின் வேலைதான். அதைச் செய்கிற சங்கத்தில்தான் பஸ் நிறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரவிந்த் சேவை செய்யும் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேரே முகாம்களுக்கு வந்திருக்கிறார்கள் என்று காட்டியது. வருடம் ஒரு நாள் வந்து போகும் முகாம் எட்டுவது அவ்வளவுதான். அதன் பிறகுதான் அவர்கள் கிராமப்புறங்களில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்களைத் தொடங்கினார்கள். வருடாவருடம் முகாம் நடத்தும் சங்கங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரே வருடத்தில் முடியாத வேலையை ரோட்டரி செய்ததே இல்லையா?

செய்திருக்கிறதே, போலியோ. 1985-ல் கையில் எடுத்தது. இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில், நோயற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச்சில். அதற்குள் எத்தனை தலைவர்கள், எத்தனை ஆளுநர்கள் மாறியிருப்பார்கள்! எல்லோரும் அதே வேலையைத்தான் தொடர்ந்தார்கள், யாரும் அதை "முன்னாள் தலைவர் திட்டம்" என்று ஓரங்கட்டவில்லை. சொட்டு மருந்துக்குச் செய்ததை ஊர் நூலகத்துக்கும் செய்ய முடியும்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

12 முதல் 18 வயதுக்காரர்களுக்கு இன்டராக்ட், பெரும்பாலும் பள்ளியிலேயே நடக்கும். 18-க்கு மேல் ரோட்டராக்ட். முன்பு 30 வயதோடு முடிந்துவிடும், 2020-ல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். சில நாள் நடக்கும் தலைமைப் பண்புப் பயிற்சி முகாமுக்கு ரைலா என்று பெயர். வெளிநாட்டுக் குடும்பங்களில் தங்கிப் படித்து வரும் மாணவர் பரிமாற்றமும் உண்டு, ஆனால் பயணச் செலவு பெற்றோர் தலையில்தான் விழும் என்பதால் வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் போகிறார்கள்.

இன்டராக்ட் பற்றி என் அபிப்பிராயம்: பல பள்ளிகளில் அது பதவியேற்பு விழாவோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சட்டையில் ஒரு பின் குத்திவிட்டு, கையை நீட்டி உறுதிமொழி எடுக்கவைத்துவிட்டு நாங்கள் வந்துவிடுகிறோம். பொறுப்பாசிரியர் ஆர்வமுள்ளவராக இருந்தால் மட்டும் உயிர் பிழைக்கும். ரோட்டராக்ட் பரவாயில்லை, ரத்ததானத்தில் அவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. இரவு பதினொரு மணிக்கு ஓ நெகட்டிவ் கேட்டால் மூத்த சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு எமோஜி வரும், ரோட்டராக்ட் குழுவில் பைக் கிளம்பிவிடும்.

என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு உதவுவீர்களா?

முதலில் அரசிடம் உரிமையாகக் கிடைக்க வேண்டியதை வாங்கியாயிற்றா என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தனிச் சலுகை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் உண்டு. இதையெல்லாம் விண்ணப்பிக்காமலே எங்களிடம் வருபவர்கள் நிறைய. சில நேரம் நாங்கள் செய்யும் பெரிய உதவி, ஒரு உறுப்பினர் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதுதான்.

அதற்குப் பிறகும் ஓட்டை இருக்கும், அங்கேதான் சங்கம் வர வேண்டும். சேர்க்கை நாளில் உடனே கட்டச் சொல்லும் தொகை, விடுதி முன்பணம், பஸ் செலவு, லேப்டாப், அரசுப் பணம் வரும் வரை சமாளிக்கும் இரண்டு மாதம். பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் பெரிய கட்டணத்தால் இல்லை, இந்தச் சில்லறைச் செலவுகளால்தான். முதல் வருடம் மட்டும் மேடையில் பெரிய காசோலை அட்டை கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் யார் என்று கேட்கும் சங்கத்தைவிட, தொகை குறைவாக இருந்தாலும் படிப்பு முடியும் வரை கொடுக்கும் சங்கம் மேல். கேட்கும்போதே "அடுத்த வருடமும் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை.

மேடைக்கு வந்து வாங்கித்தான் ஆக வேண்டுமா? படம் போட்டே தீருவீர்களா?

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கல்லூரிக்குப் போகும் பெண்ணின் படத்தை "ஏழை மாணவி" என்று போட்டு முகநூலில் ஏற்றினால், அவள் வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள். நேரடியாகக் கல்லூரிக் கணக்கில் கட்டச் சொல்லுங்கள், ரசீது வந்தால் எங்கள் ஆடிட்டருக்கு அது போதும். குளோபல் கிராண்டில் பெயர்ப் பலகைக்குக்கூடச் செலவு உச்சவரம்பு இருக்கிறது, பொன்னாடைக்கு இன்னும் யாரும் உச்சவரம்பு வைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

எங்கள் அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து தேவைப் பட்டியல் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாகவும் பணமோ பொருளோ கொடுக்கலாம். ஒரு வேண்டுகோள்: கழிப்பறை கேட்டால், அதைச் சுத்தம் செய்ய யார், தண்ணீர் எங்கிருந்து என்பதையும் பட்டியலில் எழுதுங்கள். திறப்பு விழாவுக்குப் பின் பூட்டு தொங்கும் கழிப்பறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, கட்டக் காசு கொடுத்தவர்களும் சுத்தம் செய்யக் காசு கொடுப்பதில்லை.

நான் நன்கொடை கொடுத்தால் வரிவிலக்கு உண்டா?

சங்கத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் பெரும்பாலும் இல்லை. சங்கத்தின் டிரஸ்டுக்கோ ரோட்டரி ஃபவுண்டேஷன் இந்தியாவுக்கோ கொடுத்தால், அதற்கு 80ஜி பதிவு இருக்கும் பட்சத்தில் பாதித் தொகைக்குக் கழிவு கிடைக்கும், அதற்கும் வருமானத்தை வைத்து ஓர் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை, பலர் இதைத் தெரியாமல் மார்ச் மாதம் ரசீதுக்கு அலைகிறார்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் எல்லோரும் வாயில் இன்னும் 80ஜி என்றுதான் சொல்கிறோம்.

எங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தைச் சங்கத்தின் வழியாகச் செலவிடலாமா?

கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். இன்னொரு அமைப்பின் வழியாகச் செய்வதென்றால் 2021 ஏப்ரல் முதல் இருக்கும் விதிப்படி அந்த அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் "உங்கள் டிரஸ்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா?" என்பதே உங்கள் முதல் கேள்வி. இருந்தால் பேசலாம்.

உறுப்பினராகச் சேரலாமா? பெண்கள் சேரலாமா?

சேரலாம், யாராவது ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். பெண்களைச் சேர்க்க ரோட்டரியின் உலக விதி 1989 வரை இடம் தரவில்லை, அதற்கு முன்பே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள டுவார்ட்டே ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததால் தலைமையகத்தோடு வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. சந்தா ஊருக்கு ஊர் மாறும். சேர்வதற்கு முன் இரண்டு மூன்று கூட்டத்துக்கு விருந்தினராக வாருங்கள். முழு நேரமும் மாலை மரியாதையிலேயே போகிறதா, இல்லை ஏதாவது வேலை பற்றியும் பேசுகிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேட்டோம், முடியாது என்றுவிட்டார்கள். அடுத்து?

ஏன் முடியாது என்று கேளுங்கள். பணம் இல்லையா, காகிதம் சரியில்லையா, அவர்கள் செய்யும் துறை இல்லையா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பக்கத்து ஊர்ச் சங்கத்தில் அதே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கலாம், செயலாளரையே அங்கே பேசச் சொல்லுங்கள், ஒரு போன் போதும். லயன்ஸ், ரவுண்ட் டேபிள், இன்னர் வீல் என்று வேறு சேவைச் சங்கங்களின் கதவுகளும் இருக்கின்றன. ஒரே கோரிக்கையை நான்கு இடத்தில் கொடுத்தால் நான்கு பேரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் பள்ளி வராந்தாவில் மறுபடியும் சக்கர நாற்காலி நான்கு வந்து நிற்கும்.